முடிச்சு இல்லாத துணி

“தம்பி, இதுல முடிச்சு எங்க இருக்கு?”

இடுப்பிலிருந்த பூக்கூடையை இறக்காமலே பஞ்சவர்ணம் கேட்டாள்.

“இல்லைக்கா,” என்றார் அறவாழி.

“இல்லைன்னா?”

“முடிச்சே கிடையாது.”

“அப்புறம் எது இதைப் பிடிச்சிருக்கு?”

அறவாழி சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தார். பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். மூலையில் ஆளில்லாமல் நின்ற ஒரு தறியைக் கை காட்டினார்.

“உட்காருங்க.”

அது மலையடிவாரத்தில் இருந்த ஒரு தறிக்கூடம். அங்கே சித்திரத் துணி நெய்தார்கள். துணியில் படம் தீட்டுவது இல்லை, நூலை வைத்தே மரம், மாடு, மழை என்று நெய்து கொண்டுவருவது.

அறவாழிக்கு முப்பது வயதுதான் இருக்கும். அதற்குள் குரு ஆகிவிட்டார். தலை நரைத்த மாணவர்கள்கூட அவரை ஐயா என்றார்கள்.

பஞ்சவர்ணம் மட்டும் தம்பி என்பாள். தினமும் காலையில் அங்கே சாமி படத்துக்குப் பூ கொண்டுவருகிறவள் அவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தன் மகள் வயதுப் பிள்ளையை ஐயா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குத்தான் புதுத் துணியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு மல்லிகைப் புதர். விடியற்காலை மொட்டு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

பூவைப் பார்த்தால் பஞ்சவர்ணத்தின் விரல் முடிச்சைத் தேடும். பாவாடை கட்டிய வயதிலிருந்து பூக்கட்டுகிற விரல். துணியின் முன்பக்கம் தேடியது. பின்பக்கம் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காதது அவளை என்னவோ செய்தது. அவள் வீட்டுப் பிரச்சினையும் அதேதான்.

மகள் பூங்கோதை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கார்வண்ணன் என்பவனோடு குடும்பம் நடத்துகிறாள். தாலி கட்டிக்கொள்ளவில்லை. “எங்க ரெண்டு பேருக்கும் வேணும்னு தோணலைம்மா,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சந்தோஷமாகவும் இருக்கிறாள். அதைத்தான் பஞ்சவர்ணத்தால் தாங்க முடியவில்லை.

மூன்று முடிச்சு விழாத குடும்பம் எப்படி நிற்கும்? இந்த வருஷம் உடையும், அடுத்த வருஷம் உடையும் என்று பயந்துகொண்டே காத்திருந்தாள். உடையவில்லை. இப்போது மகள் முழுகாமல் இருக்கிறாள். மாசம் ஏழு.

“தாலி ஏறட்டும். வளைகாப்புக்கு வர்றேன்,” என்று தாய் போனில் சொல்லிவிட்டாள்.

“நீ வந்தா வளைகாப்பு. வராட்டி வேண்டாம்,” என்று மகளும் சொல்லிவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சவர்ணம் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தறியில் மேலிருந்து கீழாக நூல்கள் விறைப்பாக நின்றன.

“இது பாவு,” என்றார் அறவாழி. “குறுக்க போறது ஊடை. ஒரு பாவுக்கு முன்னால போகும். அடுத்ததுக்குப் பின்னால போகும். ஓரம் வந்தா திரும்பும்.”

“அப்புறம்?”

“மரச்சீப்பால தட்டி இறக்குங்க.”

“அப்புறம்?”

“திரும்பவும் அதேதான்.”

“முடிச்சை எப்பப் போடுறது?”

அறவாழி சிரித்துக்கொண்டே அடுத்த தறிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பஞ்சவர்ணம் கூடம் அதிரக் கத்தினாள்.

“தம்பி! பிடிச்சிட்டேன்! இந்தா இருக்கு முடிச்சு!”

எல்லோரும் ஓடி வந்தார்கள். தறியின் அடிக்கட்டையில் பாவு நூல்களை இழுத்து முடிந்திருந்தது. வரிசையாக முடிச்சுகள். திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அது தறியோட முடிச்சுக்கா. துணி முடிஞ்சதும் அறுத்துருவோம்.”

“அறுத்துட்டு?”

“நூல் முனையை எல்லாம் திருப்பித் துணிக்குள்ளயே செருகிருவோம்.”

“முடிச்சுப் போடாம?”

“போடாம.”

பஞ்சவர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தம்பிக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி,” என்றாள்.

அன்றிலிருந்து பூ விற்று முடிந்ததும் நேராகத் தறிக்கூடத்துக்கு வந்தாள். எதைப் பார்த்தாலும் அதே நினைப்பு. தன் பிரம்புக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் துருவிப் பார்த்தாள். இத்தனை காலம் இடுப்பில் சுமந்த கூடை. அதிலும் முடிச்சு இல்லை. படுக்கிற பாயைப் புரட்டினாள். பாயின் ஓரத்தில் மட்டும் முடிச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி.

ஒருநாள் கிணற்றடியில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பாருங்க தம்பி. குருவி முடிச்சுப் போடுது.”

அறவாழி கூட்டை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாரைப் பிரித்துப் பார்த்தார். அது எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்று பின்னாலேயே போனார். பாடம் நின்றுவிட்டது. மாணவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கூட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நிஜமாத்தான் போடுது. குருவி உங்க கட்சிக்கா.”

பஞ்சவர்ணம் அன்று தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

அந்தத் தெம்பில்தான் அவள் அந்தத் திருட்டு வேலையை ஆரம்பித்தாள். ஊடை ஓரத்துக்கு வந்து திரும்பும்போது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். பூக்கட்டுகிறவளின் முடிச்சு. ஒரு சுண்டு சுண்டினால் கல் மாதிரி இறுகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் போட்டாள்.

துணி வளர்ந்தது. வளர வளர ஓரம் உள்ளே ஒடுங்கியது. நடுப்பகுதி பானை வயிறு மாதிரி புடைத்தது. சீப்பால் எவ்வளவு தட்டியும் வரி கீழே இறங்கவில்லை. முடிச்சு வழிமறித்தது.

அறவாழி வந்து நின்றார். ஓரத்தைத் தடவினார்.

“என்னக்கா இது, மணி மணியா?”

“எது?”

“இது.”

“நூல் அப்படி.”

“நல்ல நூல்,” என்றார்.

பக்கத்துத் தறியில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பஞ்சவர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பிரிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குப் பூக்கட்டச் சொல்லித் தாங்க.”

“விளையாடாதீங்க தம்பி.”

“நிஜமாத்தான்.”

அவள் கூடையில் மீந்திருந்த மல்லிகையை எடுத்து அவர் முன்னால் கொட்டினாள். நூலைக் கொடுத்தாள். ஒரு தடவை மெதுவாகக் கட்டிக் காட்டினாள்.

அறவாழி கட்டினார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். நெற்றியில் வியர்வை. உலகத்தையே நெய்யத் தெரிந்த கை ஒரு முழம் பூவுக்குத் திண்டாடியது. கட்டி முடித்துச் சரத்தைத் தூக்கினார்.

நூல் மட்டும் மேலே வந்தது. பூ எல்லாம் மடியில் கிடந்தது.

பஞ்சவர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“முடிச்சு ஏறலை தம்பி. பூவுக்கு முடிச்சுதான் உசிரு.”

“ஏன்?”

“ஏன்னா என்ன?”

“ஏன் முடிச்சு வேணும்?”

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு மொட்டை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

“சரம்னா ஒத்தை நூலு. ஒவ்வொரு பூவும் அந்த நூலை நம்பித் தனித்தனியாத் தொங்குது. ஒரு பூவைப் பக்கத்துப் பூ பிடிச்சுக்காது. அதான் முடிச்சு.”

“துணில?”

பஞ்சவர்ணம் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அறவாழி எழுந்து போனார். சுவரில் தொங்கிய மல்லிகைத் துணியை இறக்கிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கத்தரிக்கோல்.

“நடுவுல எங்கயாவது ஒரு ஊடையை வெட்டுங்க.”

ஒரு மழைக்காலம் முழுக்க அவர் தன் கையால் நெய்த துணி அது.

“பாவம் தம்பி, வேண்டாம்.”

“தெரிஞ்சுக்க வேணாமா?”

“வேணும். ஆனா வெட்டமாட்டேன்.”

அவரே வெட்டினார். மொட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு நூல்.

“இப்ப இழுங்க.”

விரலால் இழுத்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. அறுந்த நூல் அறுந்தபடியே தன் இடத்தில் கிடந்தது. மொட்டு மொட்டாகவே இருந்தது.

“ஏன் வரலை?” என்று அவள் கேட்டாள்.

“நீங்க சொல்லுங்க.”

துணியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மேல இருக்கிறது அமுக்குது. கீழ இருக்கிறது தாங்குது.”

அறவாழி துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சவர்ணம் தன் தறிக்கு முன்னால் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் வெறும் பாவு மட்டும் நின்றது.

மறுநாள் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஊடையை இறுக்கி இழுக்காமல் லேசாக வளைத்து விட்டாள். சீப்பால் தட்டினாள். சமர்த்தாக இறங்கியது. ஓரத்தில் பழக்கதோஷத்தில் விரல் முடிச்சுக்கு மடங்கியது. கையை உதறிவிட்டு ஊடையைத் திருப்பினாள்.

ஓரம் நேராக நின்றது. பச்சையில் ஒரு இலை வந்தது. இலைக்கு மேல் வெள்ளையில் ஒரு மொட்டு வரத் தொடங்கியது. காம்புப் பக்கம் கொஞ்சம் கோணல். ஆனாலும் மல்லிகை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தறியைக் கடந்து போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினாள்.

அப்படிக் காட்டும்போதுதான் விரல் பட்டது. கடைசியாகப் போட்ட வரி, மேலே இருந்த வரி, லேசாகப் பட்டதற்கே உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அவள் பதறிப்போய்க் கையை எடுத்தாள்.

“தம்பி, இங்க வாங்க. மேல் வரியை யாரு பிடிக்கிறா?”

“யாரும் பிடிக்கலை.”

“கீழ தாங்குது சரி. மேல அமுக்க ஒண்ணும் இல்லையே.”

“இல்லை.”

“அப்ப எப்படி நிக்கும்?”

அறவாழி குனிந்து, துணியின் அடியில் இறுகிக் கிடந்த ஒரு வரியைத் தொட்டார்.

“இது நிக்குதா?”

“நிக்குது. ஆணி அடிச்ச மாதிரி.”

“இதுவும் அன்னைக்கு மேல் வரிதான். அன்னைக்கு இது எப்படி நின்னுச்சு?”

“அதைத்தானே நான் கேக்குறேன்!”

“நானும் அதைத்தான் கேக்குறேன்,” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்தது. ஆசையும் வந்தது. பதிலைத் தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மடியிலிருந்த போன் அடித்தது. புது நம்பர்.

“அத்தை, நான் கார்வண்ணன் பேசுறேன்.”

இதற்கு முன் அவன் பேசியதில்லை. அவன் குரலே அவளுக்குத் தெரியாது.

“யாரு உனக்கு அத்தை?” என்றாள் பஞ்சவர்ணம்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

“பூங்கோதைக்குக் கால் ரொம்ப வீங்கிருச்சு. பிரஷர் இருக்காம். பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பயப்படுறா. உங்களைக் கூப்பிடுறியான்னு கேட்டேன், மாட்டேன்னுட்டா. அதான் நான் கூப்பிடுறேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“வச்சிடறேங்க,” என்றான். வைத்துவிட்டான்.

பஞ்சவர்ணம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மகளை நினைத்து வந்ததா, தான் சொன்ன வார்த்தையை நினைத்து வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. அத்தை என்று கூப்பிட்டவன் வைக்கும்போது முறை சொல்லாமல் வைத்தான். அது சுருக்கென்று தைத்தது.

போகலாம். பஸ் இருக்கிறது. ஆனால் எந்த உறவு என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுவது? போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குடும்பம் உடைந்து போனால்? பெற்ற வயிறு அதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமா?

அறவாழி வேறொரு தறியில் யாருக்கோ நூல் பிரித்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் அவர் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, என் மக தாலி கட்டிக்காம ஒருத்தனோட இருக்கா.”

“அப்படியா.”

“பிள்ளைத்தாச்சி. உடம்பு சரியில்லை.”

“அடடா.”

“அந்தக் குடும்பம் நிக்குமா?”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“நீங்க குருதானே?”

“நெசவுக்கு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, நெசவையே சொல்லித் தொலைங்க. அந்த வரி அன்னைக்கு எப்படி நின்னுச்சு?”

அறவாழி கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார்.

“நீங்க அடுத்ததைப் போட்டீங்க.”

பஞ்சவர்ணம் தன் தறியிலிருந்த மேல் வரியைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தறியில் அரை மொட்டு அப்படியே நின்றது.

பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கடைத்தெருவில் விசாரித்தாள். பச்சைக் கதவு வீடு என்றார்கள்.

கதவைத் தட்டினாள்.

திறந்தவன் ஒல்லியான, உயரமான ஆள். தோளில் துண்டு. கையில் கரண்டி. சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளைப் போட்டோவில் பார்த்திருப்பான் போலிருக்கிறது, உடனே தெரிந்துவிட்டது.

“வாங்க,” என்றான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. விலகி வழிவிட்டான்.

பஞ்சவர்ணம் படியிலேயே நின்றாள்.

உள்ளேயிருந்து பூங்கோதையின் குரல் கேட்டது. சோர்ந்த குரல்.

“யாருங்க வந்திருக்கா?”

அவன் பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். யார் என்று சொல்வது?

“அத்தை வந்திருக்குன்னு சொல்லுங்க மாப்ளே.”